டி.பி.டி. சிகிச்சை: இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வடக்கே தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையோர ஊர்களில் மனநல ஆலோசனை வேலையாகச் சுற்றுகிறவன் நான். உணர்ச்சி கட்டுமீறிப் போகிறவர்களும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இந்தக் கேள்விகள். யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக ஊரையும் உறவையும் மாற்றியிருக்கிறேன்.

சாகவேண்டும் என்ற எண்ணம் இப்போதே இருக்கிறது. இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

வேண்டாம். 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மனஸ் என்ற அரசு சேவை அது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள். 104-க்கும் பேசலாம். ஏற்கெனவே எதையாவது செய்துகொண்டுவிட்டீர்கள் என்றால் 108. தனியாக இருக்காதீர்கள், பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை, யாரையாவது பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள். மற்றதை நாளைக்குப் படிக்கலாம்.

டி.பி.டி. என்றால் என்ன?

'டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி' என்பதன் சுருக்கம். தமிழில் 'இயங்கியல் நடத்தைச் சிகிச்சை' என்று எழுதுகிறார்கள். இயங்கியல் என்ற சொல் கட்சி வகுப்புக்குப் போய்வந்தவர்களுக்குத்தான் பழக்கம். மற்றவர்களுக்கு அது மிரட்டும். ஆகவே டி.பி.டி. என்றே வைத்துக்கொள்வோம்.

எதிரெதிராகத் தெரியும் இரண்டு உண்மைகளை ஒரே நேரத்தில் கையில் பிடித்துக்கொள்வதுதான் இதன் அடிப்படை. 'என்னால் முடிந்த அளவு செய்துகொண்டுதான் இருக்கிறேன்' என்பது ஓர் உண்மை. 'இது போதாது, நான் மாறியாக வேண்டும்' என்பதும் உண்மை. வீட்டுச் சண்டையில் நோயாளி முதலாவதைப் பிடித்துக்கொண்டு கத்துவார், வீட்டார் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். இரண்டும் சரி என்று உட்கார்ந்து, அங்கிருந்து வேலையைத் தொடங்குவது டி.பி.டி.

வேலை என்று சொல்லக் காரணம் உண்டு. மனம்விட்டுப் பேசினால் சரியாகிவிடும் என்ற நினைப்போடு வருகிறவர்கள் முதல் மாதம் ஏமாந்துபோவார்கள். இதில் பாதிக்கு மேல் பயிற்சி, வீட்டுப்பாடம், நோட்டில் எழுதுவது. நீச்சலைப் போலத்தான். கரையில் உட்கார்ந்து எத்தனை நாள் விளக்கினாலும் மிதக்க வராது.

இதைக் கண்டுபிடித்தது யார்?

மார்ஷா லினஹன். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர். மீண்டும் மீண்டும் தற்கொலைக்கு முயன்ற, தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்ட பெண்களுக்கு வழக்கமான நடத்தைச் சிகிச்சையைக் கொடுத்துப் பார்த்தார். 'இதை மாற்று, அதை மாற்று' என்றதும், 'அப்படியானால் எல்லாம் என் தப்பா?' என்று அவர்கள் கொதித்தார்கள். சரி, ஏற்றுக்கொள்வதை மட்டும் செய்வோம் என்று அந்தப் பக்கம் சாய்ந்தால், 'எனக்கு எந்த உதவியும் செய்யமாட்டீர்களா?' என்று நொந்தார்கள். இரண்டையும் நூல் பின்னுவதுபோல மாற்றி மாற்றிப் பின்னியதில் வந்ததுதான் டி.பி.டி. ஏற்பின் பக்கத்துக்கு ஜென் பௌத்தத்திலிருந்து எடுத்தார். சிகிச்சைக் கையேடு 1993-இல் வெளிவந்தது.

இன்னொன்று. 1961-இல், 17 வயதில், அவரே மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இரண்டு வருடத்துக்கு மேல் அங்கே இருந்தவர். தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர். 2011-இல், அதே மருத்துவமனையில் நின்று, இதை ஊரறியச் சொன்னார். 'இதெல்லாம் அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்' என்று என்னிடம் சலித்துக்கொள்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

என் மகள் எதற்கெடுத்தாலும் உச்சத்துக்குப் போகிறாள். நடிக்கிறாளா?

'சீன் போடுறா' என்ற சொல்லை இந்த வேலையில் நான் கேட்காத வாரம் இல்லை. கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வரும்.

சிலருக்குப் பிறவியிலேயே உணர்ச்சி சீக்கிரம் தட்டும், தட்டினால் பலமாகத் தட்டும், அடங்க ரொம்ப நேரம் பிடிக்கும். மூன்றாவதைத்தான் வீட்டார் கவனிப்பதில்லை. கச்சான் காற்று நின்றபிறகும் தென்கடலில் அலை உடனே படுத்துவிடுகிறதா? காற்று நின்றுவிட்டதே, இன்னும் என்ன ஆட்டம் என்று கடலிடம் யாரும் சண்டைக்குப் போவதில்லை. மகளிடம் மட்டும் போகிறோம். காலையில் நடந்ததற்கு அவள் சாயங்காலம்வரை கலங்கியிருக்கும்போது அடுத்த பேச்சு வந்து விழுகிறது. பழைய அலைமேல் புது அலை.

இப்படிப்பட்ட பிள்ளை, அழுதால் 'இதுக்கெல்லாமா அழுவாங்க' என்று தள்ளும் சூழலில் வளர்ந்தால், தன் உணர்ச்சிக்குப் பேர் வைக்கவும் தெரியாது, அதை இறக்கவும் தெரியாது. பெரிதாக ஏதாவது செய்தால்தான் யாராவது திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது மட்டும் பழகிப்போகும். உடல்வாகும் சூழலும் ஒன்றையொன்று தூண்டித் தூண்டி நோய் வளர்கிறது என்பதுதான் லினஹனின் கொள்கை. பெற்றோர் கெட்டவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. அமைதியான பிள்ளைக்குச் சரியாயிருந்த வளர்ப்பு இந்தப் பிள்ளைக்குப் போதவில்லை, அவ்வளவுதான்.

யாருக்கு இது பொருந்தும்?

முதலில் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்காக வந்தது. உறவு முறியுமோ என்ற தீராத பயம், நிமிடத்துக்கு நிமிடம் மாறும் மனநிலை, உள்ளுக்குள் வெறுமை, அவசரத்தில் செய்துவிட்டுப் பிறகு வருந்துவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது எல்லாம் அதன் அடையாளங்கள். நான்கு வரி படித்துவிட்டு 'எனக்கும் அதுதான்' என்று முடிவு கட்டாதீர்கள். அதைச் சொல்லவேண்டியவர் மருத்துவர். பிறகு குடி, போதைப் பழக்கம், உணவுக் கோளாறு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் வளரிளம் பிள்ளைகள் என்று இதை விரித்திருக்கிறார்கள்.

காதில் குரல் கேட்கிறது, யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று நம்புகிறார் என்றால் டி.பி.டி. முதல் மருந்து அல்ல. உடனே மனநல மருத்துவரிடம் போகவேண்டும்.

சிகிச்சை எப்படி நடக்கும்? எத்தனை நாள்?

முழு டி.பி.டி.க்கு நான்கு கால்கள். வாரம் ஒருமுறை சிகிச்சையாளரோடு தனியாக அமர்வு. வாரம் ஒருமுறை இரண்டு, இரண்டரை மணி நேரக் குழுப் பயிற்சி. அது வகுப்பு மாதிரிதான் இருக்கும், அங்கே கதை சொல்லி அழும் வேலை இல்லை. இடையில் நெருக்கடி வந்தால் சிகிச்சையாளருக்குப் போன் செய்து 'இப்ப எந்தப் பயிற்சியைச் செய்யணும்?' என்று கேட்கலாம். நான்காவது, சிகிச்சையாளர்களே வாரம் ஒருமுறை கூடித் தங்கள் தடுமாற்றத்தைப் பேசுவது. தற்கொலை எண்ணத்தோடு வருபவர்களைத் தனியாளாகச் சுமந்தால் சிகிச்சையாளரும் களைத்துப்போவார், அல்லது கல்லாகிப்போவார்.

எல்லாத் திறன்களையும் ஒரு சுற்று கற்க ஏறக்குறைய 24 வாரம். பெரும்பாலும் இரண்டு சுற்று. ஆக ஒரு வருடம். தொடர்ந்து நான்கு வாரம் வராவிட்டால் சிகிச்சை நின்றுபோகும் என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு.

கடலுக்குப் போகிறவன் வாராவாரம் எப்படி வருவது?

நியாயமான கேள்வி. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மீதி நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடு இருக்கிறதல்லவா, கரையில் நிற்கும் நாளைக் கேட்டு வாங்குங்கள். 'வியாழக்கிழமை என்றால் வருவேன்' என்று நீங்கள் சொல்லவில்லை என்றால் அவர்களுக்குத் தெரியாது. தொடங்குவதற்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் தோது. கையில் காசில்லாமல், வேலையில்லாமல், வீட்டில் முட்டிக்கொள்வதும் அப்போதுதான். அன்றன்றைக்கே எழுதிப் பார்க்க விஷயம் நிறையக் கிடைக்கும்.

என்னென்ன கற்றுத்தருகிறார்கள்?

நான்கு பாடம்: மனத்தை இங்கே நிறுத்துவது, நெருக்கடியை இன்னும் மோசமாக்காமல் கடப்பது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவை உடைக்காமல் பேசுவது.

முதலாவதைக் கேட்டதும் 'தியானமா, நம்ம மார்க்கத்துக்கு ஆகுமா?' என்ற கேள்வி கீழக்கரையில் வரும், தங்கச்சிமடத்தில் 'ஜெபம் பண்ணினா போதாதா?' என்று வரும். இதில் வழிபாடு எதுவும் இல்லை. நடப்பதைக் கவனி, அதற்குச் சொல் கொடு, அதில் முழுதாக இறங்கு, நல்லது கெட்டது என்று உடனே தீர்ப்பு எழுதாதே, அவ்வளவுதான். கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கண்ணாகத் தைத்துக்கொண்டு போகும் பெரியவரைப் பாருங்கள். பக்கத்தில் ரேடியோ பாடும், பேரன் இழுப்பான், கை அடுத்த கண்ணுக்குத் திரும்பி வந்துவிடும். அந்தத் திரும்பி வருவதுதான் பயிற்சி. மனம் ஓடுவது தோல்வியல்ல.

இதில் 'தெளிந்த மனம்' என்று ஒன்று சொல்வார்கள். உணர்ச்சி மனம் 'இப்பவே போய்க் கேட்டுடு' என்கும். கணக்கு மனம் 'கேட்டு என்ன ஆகப்போகிறது' என்கும். இரண்டையும் கேட்டுவிட்டு ஒரு மூச்சு விட்டபின் உள்ளே ஒன்று சொல்லும், அது.

கோபம் தலைக்கேறிய பத்து நிமிடத்தில் என்ன செய்வது?

அந்தப் பத்து நிமிடத்தில் அறிவுரை ஏறாது. உடம்பு வழியாகத்தான் உள்ளே போகமுடியும்.

குண்டானில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணும் கன்னமும் நனையும்படி முகத்தை முக்கி முப்பது விநாடி. முடியாவிட்டால் அதற்கு முன்பே எடுத்துவிடலாம். தண்ணீருக்குள் போகும் உயிரினங்களுக்கு இதயத் துடிப்பு தானாகக் குறையும். மனிதருக்கும் அந்த அனிச்சை உண்டு. பாசி எடுக்கக் கடலில் முங்கும் ஓர் அக்காவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். 'அதான் தண்ணிக்குள்ள போனா வீட்டு நெனப்பு வர்றதில்லையா?' என்றார். முங்கும்போது வேலைக் கவனமும் இருக்கும், ஆனாலும் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

தண்ணீர்ப் பஞ்ச ஊரில் குண்டான் தண்ணீர் ஏது என்பவர்கள் ஒரு சின்னக் கவரில் தண்ணீர் கட்டி ஃப்ரீசரில் போட்டு வையுங்கள். துணியில் சுற்றிக் கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தாலும் வேலை செய்யும். மீன்பெட்டி ஐஸ் வேண்டாம், நாற்றத்தில் இன்னொரு சண்டை வரும்.

ஒன்று கட்டாயம்: இதய நோய் உள்ளவர்கள், நாடித் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், சாப்பாட்டை ஒதுக்கி உடல் மெலியும் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

அப்புறம் வேகமான உடலசைவு: மாடிப்படி ஏறி இறங்குவது, ஓடுவது. அதன்பின் மூச்சு, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக. இதெல்லாம் பிரச்சினையைத் தீர்க்காது. பிரச்சினையை இன்னும் பெரிதாக்காமல் பத்து நிமிடத்தைக் கடத்திவிடும். இதன் வேலை அதோடு முடிந்தது. அமைதியான நாளில் நாலு தடவை செய்து பார்க்காமல், சண்டை நடுவே முதல்முறையாகச் செய்தால் எடுபடாது. எடுபடவில்லை என்று வந்த பாதிப் பேரிடம் விசாரித்தால் இதுதான் நடந்திருக்கும்.

சங்கிலி அலசல் என்கிறார்களே, அது என்ன?

எனக்கு டி.பி.டி.யில் பிடித்த பகுதி இது. 'ஏன் அப்படிச் செய்தாய்?' என்று கேட்டால் 'தெரியல, கோபம் வந்துச்சு' என்ற பதில்தான் வரும். 'ஏன்' என்பதை விட்டுவிட்டு 'அப்புறம், அப்புறம்' என்று கண்ணி கண்ணியாகக் கேட்பது அலசல்.

ஒரு பெண். கணவர் சவூதியில் கடையில் வேலை. இரவு பதினொரு மணிக்கு மேல் போனைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டார். அதிலிருந்து பின்னால் போனோம்.

முதல் நாள் ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல், தூக்கமில்லை. மதியம் சாப்பிடவில்லை. ஒன்பதரைக்கு நாத்தனார், 'அங்க அவனுக்கு ஆயிரம் வேல, நீ நச்சரிக்காத' என்றார். பதினொன்றுக்கு இவர் கணவருக்குப் போன் அடித்தார், அவர் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினார், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. 'என்னைப் பிடிக்கவில்லை' என்று ஓர் எண்ணம். நெஞ்சு அடைத்தது, கை சுட்டது. நாற்பது தடவை அழைத்தார். திட்டி வாய்ஸ் மெசேஜ். பிறகு போன் சுவரில். இரண்டு நிமிடம் 'அப்பாடா' என்றிருந்தது. குழந்தை அலறி எழுந்தது. விடிகாலையில் கணவர் மாமியார் போனுக்கு அழைத்து, ரொம்ப அன்பாக, அரைமணி நேரம் பேசினார். அன்று முழுக்க வெட்கத்தில் சாப்பிடவில்லை.

இப்போது பாருங்கள். வெறும் வயிறும் தூக்கமின்மையும் சங்கிலியின் முதல் கண்ணி. கடைசிக் கண்ணி மறுபடியும் வெறும் வயிறு. உடைத்ததற்கு இரண்டு பரிசு கிடைத்திருக்கிறது: இரண்டு நிமிட நிம்மதி, அரைமணி நேர அன்பு. அவர் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் உடம்பு கற்றுக்கொள்ளும். கணவரிடமும் பேசினோம்: அந்த அரைமணி நேரம் அமைதியான நாளில் வரட்டும், உடைத்த மறுநாள் சுருக்கமாகப் பேசினால் போதும்.

எண்ணம் வந்த இடத்தில் இன்னொரு வெட்டு. இங்கே பதினொன்று என்றால் அங்கே எட்டரை. கடையில் கூட்டம் இருக்கும் நேரம். செய்தியைப் பார்த்துவிட்டு, கையில் சாமானோடு நின்றிருக்கலாம். 'என்னைப் பிடிக்கவில்லை' என்பது நடந்ததல்ல, நடந்ததற்கு அவர் எழுதிய உரை. நாற்பது அழைப்புக்கு முன்னால் ஐஸ் கவர். இப்படி ஒரே சம்பவத்தில் நாலைந்து இடத்தில் வெட்ட வழி கிடைக்கும். எல்லாவற்றையும் வெட்டவேண்டியதில்லை, ஒன்று போதும்.

உணர்ச்சியை அடக்கச் சொல்கிறார்களா?

இல்லை. உணர்ச்சி நடந்ததற்குப் பொருந்துகிறதா என்று முதலில் பார். பொருந்தினால் பிரச்சினையைத் தீர்க்கப் பார். பொருந்தவில்லை, அல்லது அதன்படி நடந்தால் கெடும் என்றால், அது தள்ளும் திசைக்கு எதிர்த்திசையில் நட. கடன் கட்ட முடியாத வெட்கத்தில் ஒருவர் மீன் ஏலம் விடும் பக்கமே தலைகாட்டாமல் இருந்தார். வெட்கம் ஒளியச் சொல்கிறது. ஒளிய ஒளிய அது வளர்கிறது. கடன் படுவது குற்றமல்ல. ஆகவே போவது, தலை நிமிர்ந்து நிற்பது, நாலு பேரிடம் பேசுவது. அரைகுறையாக, ஓரமாக நின்றுவிட்டு வந்தால் பலிக்காது.

தூக்கம், வேளைக்குச் சாப்பாடு, போதையை விடுவது, நோய்க்கு மருந்து, உடற்பயிற்சி ஆகியவையும் இந்தப் பாடத்தில்தான் வருகின்றன. கேட்கச் சாதாரணம். சங்கிலியின் முதல் கண்ணி எது என்று மேலே பார்த்தோமே.

'நடந்ததை ஏற்றுக்கொள்' என்றால் அநியாயத்துக்கும் தலையாட்டுவதா?

இதில் நான் ஒருமுறை நன்றாகச் சறுக்கினேன். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுப் படகை இழந்த ஒருவர் வந்தார். வந்த அன்றைக்கே ஏற்பைப் பற்றிப் பேசினேன். பாதியில் எழுந்து, 'உங்க படகா போச்சு?' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். தப்பு என்னுடையது. முதலில் அவருடைய இழப்பைக் கேட்டிருக்க வேண்டும்.

ஏற்பது என்றால் சம்மதிப்பது அல்ல. படகு போய்விட்டது என்பது உண்மை. 'போயிருக்கக்கூடாது' என்று ராத்திரி முழுக்க உண்மையோடு மல்லுக்கட்டினால் வலியோடு வேதனையும் சேரும். போய்விட்டது என்று ஒப்புக்கொண்டவர்தான் காலையில் எழுந்து மனு எழுதுவார், சங்கத்தோடு உண்ணாவிரதம் உட்காருவார், மாற்று வேலைக்கும் பார்ப்பார். ஒருமுறை ஏற்றால் முடிந்துவிடாது. மறுபடி மறுபடி மனம் திரும்பி நிற்கும், மறுபடி மறுபடி அதைத் திருப்பவேண்டும். அவர் மூன்று மாதம் கழித்து வந்தார்.

வீட்டில் ஒன்று கேட்டாலே சண்டையாகிறது. எப்படிக் கேட்பது?

நடந்ததைச் சொல், உன் உணர்வைச் சொல், வேண்டியதை நேராகக் கேள், கொடுத்தால் அவர்களுக்கு என்ன நன்மை என்று சொல். இடையில் பேச்சு திசைமாறினால் திரும்பி வா. நிமிர்ந்து பேசு. விட்டுக்கொடுக்கவும் ஒன்றை வைத்துக்கொள். குழுவில் ஒருவர் தன் மாமியாரிடம் பேச ஒத்திகை பார்த்தது:

"மாமி, போன புதன்கிழம ஆஸ்பத்திரிக்குப் போகமுடியாமப் போச்சு. எனக்கு அது கஷ்டமா இருந்துச்சு. வர்ற புதன் பத்துலேர்ந்து ரெண்டு வரைக்கும் புள்ளையப் பாத்துக்கிறீங்களா? நான் நிதானமா இருந்தா வீட்டுல சத்தமும் கொறையும்ல."

"உங்க அக்கா மட்டும் அன்னைக்கு என்ன சொன்னா தெரியுமா?"

"அதப் பேசுவோம் மாமி. இப்ப புதன்கிழமயச் சொல்லுங்க. காலைல முடியாட்டி பன்னெண்டு மணிக்கு மேல பாத்தாப் போதும்."

ஒத்திகையில் மாமியாராக நடித்தது நான். ரொம்ப நன்றாகத் திட்டினேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அம்மாவாக நான் என்ன செய்யவேண்டும்?

பதினொன்றாம் வகுப்புப் பெண், சிநேகிதி பேசவில்லை என்று அழுகிறாள். 'உங்கப்பா உசுரப் பணயம் வெச்சுக் கடலுக்குப் போறாரு, உனக்கு இது ஒரு கவலையா?' என்று வாயில் வரும். அதை விழுங்குங்கள். 'நாலு வருஷம் ஒண்ணாப் போயிட்டு வந்த புள்ள. வலிக்கத்தான் செய்யும்.' இவ்வளவுதான். அடுத்து 'ஆனா' என்று தொடங்கிவிடாதீர்கள். சும்மா பக்கத்தில் உட்காருங்கள்.

வலியை ஒப்புக்கொண்டால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகிவிடாது. 'பள்ளிக்கூடம் போகமாட்டேன்' என்பதற்கு மறுநாள் 'போகணும்மா' என்று சொல்லலாம். வளரிளம் பிள்ளைகளுக்கான டி.பி.டி.யில் பெற்றோரும் வகுப்பில் உட்காருவார்கள். அப்பாக்களும்தான்.

குடிக்கு இது உதவுமா?

போதைப் பழக்கத்துக்கான டி.பி.டி. இலக்கை முழு நிறுத்தம் என்றே வைக்கிறது. ஆனால் சறுக்கினால், 'போச்சு, எல்லாம் போச்சு' என்று மூழ்காமல், எங்கே சறுக்கினோம் என்று அலசிவிட்டு மறுநாளே திரும்பச் சொல்கிறது. தினமும் அளவுக்கு மேல் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவமனை.

மாத்திரை வேண்டாமா?

பார்டர்லைன் ஆளுமைக் கோளாறுக்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே மனச்சோர்வு, பதற்றம் இருந்தால் மருத்துவர் அதற்குக் கொடுப்பார். கொடுத்ததை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உண்மையிலேயே பலன் உண்டா?

1991-இல் வந்த முதல் ஒப்பீட்டு ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட டி.பி.டி. பெற்ற பெண்கள் தங்களைக் காயப்படுத்திக்கொண்டது குறைந்தது, மருத்துவமனையில் இருந்த நாட்கள் குறைந்தன, சிகிச்சையை விட்டு ஓடியவர்களும் குறைவு. அதே ஆய்வில் மனச்சோர்விலும் நம்பிக்கையின்மையிலும் இரண்டு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது: முதலில் கை அடங்கும், மனம் லேசாவது பின்னால்தான் வரும். 2006-இல், அனுபவமுள்ள மற்ற சிகிச்சையாளர்களோடு ஒப்பிட்டபோது தற்கொலை முயற்சி ஏறக்குறையப் பாதியாக இருந்தது. திறன் பயிற்சியை எடுத்துவிட்டுத் தனி அமர்வை மட்டும் வைத்தால் பலன் குறைகிறது என்று 2015 ஆய்வு காட்டியது. வகுப்பை மட்டம் போடுபவர்கள் கவனிக்க.

தர்காவுக்குக் கொண்டுபோகிறோம். தப்பா?

தப்பில்லை. துஆ கேளுங்கள், நேர்ச்சை செய்யுங்கள், மருந்தையும் பயிற்சியையும் விடாமல் செய்யுங்கள். கட்டிப்போடுவது மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

தற்கொலைக்கு முயன்றார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் கேஸ் ஆகுமா?

இந்தப் பயத்தில் 'தவறுதலா குடிச்சிட்டா' என்று சொல்லிவிடுகிறார்கள். சரியான சிகிச்சை தவறிப்போகிறது. அதே 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதவேண்டும், தண்டிக்கக்கூடாது, அரசு அவருக்குப் பராமரிப்பு தரவேண்டும் என்கிறது. போலீசார் வந்து விசாரிக்கலாம். விசாரித்தாலே தண்டனை என்று ஆகாது. உண்மையைச் சொல்லுங்கள்.

இங்கே எங்கே கிடைக்கும்?

நான்கு கால்களும் உள்ள முழு டி.பி.டி. கரையோரத்தில் கிடைப்பது அரிது. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள்; மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. திறன் பயிற்சியை மட்டும் தருபவர்கள், இணையம் வழியாக நடத்துபவர்கள் உண்டு. அதுவும் பயன்தான், ஆனால் முழுசு என்று நினைத்துப் பணம் கட்டாதீர்கள். கேளுங்கள்: தனி அமர்வும் குழுவும் இரண்டும் உண்டா? இடையில் போன் செய்யலாமா? அன்றன்றைய உணர்ச்சியைக் குறித்துவைக்கும் தினக்குறிப்பு அட்டை தருவீர்களா? உங்களுக்கென்று ஆலோசனைக் குழு இருக்கிறதா? இரண்டு நாள் பயிலரங்குச் சான்றிதழைச் சுவரில் மாட்டியவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவார்கள். கோபப்பட்டால் வந்துவிடுங்கள்.

எழுதப் படிக்க வராது. தினக்குறிப்பு அட்டையை எப்படி நிரப்புவது?

அந்த அட்டையில் தினமும் சோகம், கோபம், வெட்கம், காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் எல்லாவற்றுக்கும் 0 முதல் 5 வரை எண் போடவேண்டும், எந்தப் பயிற்சியைச் செய்தோம் என்றும் குறிக்கவேண்டும். எழுத வராத ஒரு பாட்டி, பேத்தி பல்லாங்குழி விளையாடும் சோழியை எடுத்துக்கொண்டார். படுக்கப்போகும் முன் கோபத்துக்கு ஒரு டப்பாவில், அழுகைக்கு ஒரு டப்பாவில், அன்றைக்கு எத்தனையோ அத்தனை சோழி. ஐஸ் வைத்தாரென்றால் மூடியின்மேல் ஒன்று. காலையில் பேத்தி எண்ணி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள்.